முழுதும் படித்துவிட்டுப் புகார்

புகார்க் கடிதத்தின் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் அழகாக இருந்தது. எலிசபெத்துக்கு முதல் எரிச்சலே அதில்தான்.

யூ.கே.ஜி. வகுப்பில் வாசிக்கப்படும் ‘கதிர் இல்லை, முல்லை’ என்ற படப்புத்தகத்தை உடனடியாக அகற்றும்படி கேட்டு, சந்திரசேகரன் என்ற பெற்றோர் எழுதியிருந்தார். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. நட்டு போல்ட்டில் குறை கண்டுபிடித்து அலுத்துப்போய் இப்போது புத்தகத்துக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது.

ஹெப்பகோடியில் மூன்று அறையும் ஒரு சறுக்குமரமும் கொண்ட நர்சரிப் பள்ளி அது. கரஸ்பாண்டன்ட் ஜெயராமன் கடிதத்தை இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"புக்கைத் தூக்கிடலாமே மிஸ்?"

"நீங்க படிச்சீங்களா சார்?"

அவர் படிக்கவில்லை. எழுதியவரும் படித்திருக்க மாட்டார் என்பதில் எலிசபெத்துக்குச் சந்தேகமே இல்லை.

மொத்தம் பதினாறு பக்கம். மேலே கன்னடம், கீழே தமிழ். பெங்களூரில் இரண்டும் ஒரே பக்கத்தில் சண்டை போடாமல் இருந்ததற்கே அந்தப் புத்தகத்துக்கு மாலை போடலாம். எல்லோரும் கதிர் என்று கூப்பிடும் குழந்தை, தான் பையன் இல்லை, பெண், பெயர் முல்லை என்று அம்மா அப்பாவிடம் சொல்லும். அவர்கள் முதலில் விழிப்பார்கள், பிறகு உட்கார்ந்து கேட்பார்கள். அவ்வளவுதான் கதை. இதற்கு ஒரு கண்டனக் கடிதம்.

எலிசபெத் அதை முதன்முதலில் வாசித்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் ரகு என்ற குழந்தை டிபன் டப்பாவோடு அவள் பக்கத்தில் வந்து நின்றது.

"மிஸ், நானும் பொண்ணுதான். எம்பேரு தீபிகா. யாராண்டயும் சொல்லாதீங்க."

எலிசபெத் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டில் ரகு, அவள் மனத்தில் தீபிகா. தினமும் மதியம் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டால்தான் தீபிகாவுக்குச் சோறு இறங்கும். அதை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளியில் வேறு என்ன இருக்கிறது? நினைத்தாலே எலிசபெத்துக்குக் கோபம் வந்தது. கோலார் தங்கவயலில் மூன்று தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கி ஏறிய குடும்பம் அவளுடையது. கரஸ்பாண்டன்ட் அறைக்கெல்லாம் அவள் பயப்படுவதாக இல்லை.

"படிக்காமலே புகார் குடுக்கிறது இன்னா நியாயம் சார்? முழுசா படிச்சிட்டுக் குடுக்கட்டும். அதுக்கு ஒரு ஃபாரம் போடுங்க."

ஃபாரம் என்றதும் ஜெயராமன் முகம் மலர்ந்தது. எந்தத் தகராறும் ஃபாரத்தில் ஏறிவிட்டால் பாதி தீர்ந்தது என்பது அவருடைய கொள்கை. அங்கே புத்தகங்களை வீட்டுக்குத் தரும் வழக்கமே இல்லை. பிள்ளைகள் கிழித்துவிடும் என்று பீரோவில் பூட்டி, வகுப்பில் மட்டும் எடுப்பார்கள். புகார் கொடுப்பவருக்கு மட்டும் இப்போது விதிவிலக்கு. புத்தகத்தை இரண்டு நாள் வீட்டில் வைத்து முழுதும் படித்து, பக்க எண்ணோடு ஆட்சேபத்தை எழுதித் தர வேண்டும். வேலைக்குப் போகிற ஜனம், யார் மெனக்கெடப் போகிறார்கள் என்று எலிசபெத் கணக்குப் போட்டாள்.

திங்கட்கிழமை மூன்று பேர் ஃபாரம் கேட்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வாசலில் வரிசையே நின்றது.

இருந்தது ஒரே பிரதி. அது வீடு வீடாகச் சுற்றப் போனதில் தீபிகாவின் டப்பா மூடியபடியே வீடு திரும்பியது. எலிசபெத் தன் கைக்காசில் இன்னொரு பிரதி வாங்கிவந்தாள். ஆயா லட்சுமம்மா நல்ல மனசோடு அதையும் எடுத்து வரிசையில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார். ஒரு வரிசை இரண்டானது.

"பாவம் மேடம், எஷ்டு ஒத்து நிப்பாங்க?" என்றார் லட்சுமம்மா. எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள் என்ற கவலை அவருக்கு.

ஜெயராமனுக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. ஒரு புத்தகத்தை எடுக்கச் சொன்னால் இரண்டாக்கிவிட்டீர்களே என்று கத்தினார். எலிசபெத் அடுத்த பூட்டைப் போட்டாள். இனிமேல் அம்மா, அப்பா இரண்டு பேரும் கடைசிப் பக்கம்வரை படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் புகார் செல்லும். ஷிஃப்டுக்குப் போகிற அப்பாக்களுக்கு ஏது நேரம்?

நேரம் இருந்தது. ஒருவர் நான்கு நாள் வைத்திருந்துவிட்டு இரண்டு கையெழுத்தோடு வந்தார். புத்தகம் மஞ்சள் கறையோடும், சோற்றுப் பருக்கையால் ஒட்டிய கிழிசலோடும் திரும்பியது. ஆட்சேபங்களைப் படித்த எலிசபெத்துக்குத் தலை சுற்றியது. ஆறாம் பக்கத்தில் குழந்தை செருப்பில்லாமல் மொட்டைமாடியில் நிற்கிறதாம். மாமரத்துக்குப் பலா இலை வரைந்திருக்கிறதாம். பன்னிரண்டாம் பக்கத்தில் முல்லை அழுகிறாளே, ஏன் ஒருவரும் ஓடிவந்து தூக்கவில்லை என்று சந்திரசேகரன் தன் இரண்டாவது புகாரில் அழகாகக் கேட்டிருந்தார். வேலையற்ற மனிதர்கள் என்று பல்லைக் கடித்தாள்.

அவளை உண்மையிலேயே உலுக்கியது சொர்ணத்தின் ஃபாரம்தான். சொர்ணம் ரகுவின் அம்மா, கார்மெண்ட்ஸில் தையல் வேலை. மூன்று முறை புத்தகத்தை வாங்கிப் போயிருந்தாள். மூன்று முறையும் கேட்டில் வைத்து எலிசபெத்தை முறைத்துப் பார்த்தாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபாரத்தில் ஆட்சேபம் என்ற இடத்தில், ‘பிறகு எழுதுகிறேன்’ என்று மட்டும் இருந்தது. கணவன் முனியப்பனின் கையெழுத்து இல்லை.

தீபிகா விஷயம் தெரிந்துவிட்டது, வீட்டில் பிள்ளையைப் போட்டு அடிக்கிறார்களோ என்னவோ என்று எலிசபெத் பயந்தாள். காலையில் தீபிகாவின் கையையும் காலையும் ஒன்றும் தெரியாததுபோல் பார்ப்பாள். காயம் எதுவும் இல்லை. பயமும் போகவில்லை.

ஃபாரங்கள் இரண்டு கோப்புகளை நிறைத்ததும் ஜெயராமன் முடிவெடுத்தார். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். எலிசபெத் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை வர வேண்டாம். கடிதத்தை அவரே டைப் அடித்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை பிள்ளைகள் வெளியே லட்சுமம்மாவோடு சறுக்குமரத்தில் இருந்தார்கள். உள்ளே குட்டி நாற்காலிகளில் பெரிய மனிதர்கள் முட்டி மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். எலிசபெத் கடிதத்தை நிதானமாகப் படித்துவிட்டு, தனக்கு ஒரு புகார் ஃபாரம் வேண்டும் என்றாள்.

"உங்களுக்கு எதுக்கு?"

"கடிதத்தை முழுசா படிச்சிட்டேன் சார். ஆட்சேபம் இருக்குது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும்."

ஃபாரத்தை நிரப்பிக் கடிதத்தோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து, வகுப்பில் படிப்பதுபோலவே, படத்தை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டியபடி பதினாறு பக்கத்தையும் உரக்கப் படித்தாள்.

"வேலையை எடுத்துக்குங்க சார். ஒரு கொழந்த தான் யாருன்னு சொன்னா, வாயை மூடுன்னு நான் சொல்ல மாட்டேன். எத்தினி பேரு புகார் குடுத்தாலும் சொல்ல மாட்டேன்."

புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தாள்.

ஜெயராமன் எழுந்தார். இரண்டு பிரதிகளையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பெற்றோர் அனைவருக்கும் வெற்றி, இந்த நிமிடத்திலிருந்து புத்தகமும் இல்லை, புகார் ஃபாரமும் இல்லை என்று அறிவித்துக் கைதட்டலுக்குக் காத்திருந்தார்.

கூட்டம் கொதித்தது. குட்டி நாற்காலிகள் கவிழ்ந்தன. புகார் கொடுப்பது எங்கள் உரிமை, அதை எப்படி நிறுத்தலாம் என்று சந்திரசேகரன் மேஜையைத் தட்டினார். பின்னாலிருந்து ஒருவர், அடுத்த வாரம் தன் முறை என்றும் ஒரு மாதமாகக் காத்திருப்பதாகவும் கத்தினார்.

"அதான் புத்தகமே போயிடுச்சே, அப்புறம் எதைப் பத்திப் புகார்?" என்று ஜெயராமன் திணறினார். எலிசபெத்துக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து சொர்ணம் எழுந்து வந்தாள். வழக்கம்போல் முறைத்துக்கொண்டுதான் வந்தாள். எலிசபெத்தின் கை தானாகவே மேஜையைப் பிடித்துக்கொண்டது. சொர்ணம் அவளைத் தாண்டிப் போய், கரஸ்பாண்டன்ட் முன்னால் கையை நீட்டினாள்.

"எனக்கு இன்னொரு ஃபாரம் குடுங்க சார், தீபிகாவோட அப்பாவுக்குக் கடைசி நாலு பக்கம் இன்னும் படிச்சுக் காட்டல."