ஏரிக்கரையில் பருத்தித்துறை வடை

வெறும் பாத்திரத்தை மூடி வைக்க எனக்குக் கை வராது. அடுத்த வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் எதையாவது போட்டுத்தான் கொடுப்போம். (ஒன்றுமில்லாவிட்டால் சீனி.) அந்தப் பழக்கம் என்னை ஓர் அணிலுக்கு முன்னால் குற்றவாளியாக நிறுத்தியது.

மகள் துஷி கனடாவுக்கு வேலைக்குப் போகுமுன், இங்கே நாங்கள் குடியேறிய வால்தம்ஸ்டோவின் ஏரிப் பூங்காவில் ஒரு மரவேருக்குள் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை ஒளித்தாள். முன்பின் தெரியாதவர்கள் போனில் வரைபடம் பார்த்துத் தேடி வருவார்கள். கண்டுபிடித்தால் பேர் எழுதுவார்கள். ஒரு சாமானை எடுத்து இன்னொன்றை வைப்பார்கள். ஜியோகேஷிங் என்று பெயர். (வளர்ந்தவர்கள்தான். நானும் நம்பவில்லை.) உள்ளே அவள் கையால் எழுதிய அட்டை: இந்த ஏரி தானாக வந்ததல்ல, கூலியாட்கள் மண்வெட்டியால் வெட்டியது, நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

விமான நிலையத்தில் சொன்னாள்: "அப்பா, இடைக்கிடை போய்ப் பாருங்கோ. கவனிக்க ஆளில்லாட்டி எடுத்துப்போடுவினம்."

"ஓம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பெட்டிக்குள் அட்டையும் பேர் எழுதும் தாளும் மட்டும். யாரோ எடுத்திருக்கிறார்கள், வைக்கவில்லை. என் பிள்ளையின் பெட்டி வெறுமையாகக் கிடப்பதா? பையில் மனைவி சுட்ட, தட்டை போல மொறுமொறுப்பான பருத்தித்துறை வடை இருந்தது. துஷிக்குப் பிடித்தது. அத்தனையையும் போட்டு மூடினேன்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து மறுபடியும் போனேன். (பெட்டியைப் பார்க்கத்தான். வேறென்ன.) பூங்காக் காவலர் பெண் ஒருத்தி நின்றாள். கையில் பெட்டி. மூடியில் பெரிய ஓட்டை. மரத்தில் ஓர் அணில் எங்கள் வடையைக் கொறித்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"யாருடையது?"

"மகளுடையது."

"அவள் எங்கே?"

"கனடா."

"இந்தத் தின்பண்டம்?"

"என்னுடையது."

(என் இங்கிலீஷ் அதோடு முடிந்தது.)

உணவு வைக்கக் கூடாது, பெட்டியை எடுத்துவிடப் போகிறேன் என்றாள். என் சாப்பாட்டுப் பெட்டியை வெளியே எடுத்தேன். எவர்சில்வர், இறுக்கமான மூடி. போத்தல் தண்ணீரால் கழுவி, சட்டையால் துடைத்து, ஓட்டைப் பெட்டியிலிருந்த துஷியின் அட்டையையும் பேர் எழுதும் தாளையும் உள்ளே வைத்து நீட்டினேன்.

"நோ வடை" என்றேன்.

மூடியைத் தட்டிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். அங்கேயே வைக்கச் சொல்லி வேரைக் காட்டினாள்.

நான் இப்போது ஐஸ்கிரீம் டப்பாவில் சோறு கொண்டு போகிறேன். துஷி போன் எடுத்தால் சுகம் கேட்பதில்லை. "அணில் என்ன சொல்லுது அப்பா?" என்றுதான் தொடங்குவாள். "உறைப்புக் காணாதாம், இன்னும் போடச் சொல்லுது" என்று மனைவி அடுப்படியிலிருந்து கத்துவாள்.

போன கிழமை துஷி கேட்டாள்: "இப்ப பெட்டிக்குள்ள என்ன வச்சிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

"நீங்களோ? வெறுமையாவோ?"

"நீ வந்து போடு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

"அணிலுக்குச் சொல்லி வையுங்கோ அப்பா, வாறன் எண்டு."