பசை குடித்த அம்பாசடர்

கார் விஷயத்தில் இனி தன் முடிவுதான் முடிவு என்று ஆனி மாதக் கடைசியில் சங்கிலிமுத்து அறிவித்தார். அறிவித்தபோது வீட்டில் யாரும் இல்லை. சோலையம்மாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவள் குடத்தோடு திரும்பியதும் இன்னொரு தடவை அறிவித்தார்.

"என்ன முடிவுங்க?"

"இன்னும் எடுக்கலை. எடுத்துட்டா மாத்தமாட்டேன்."

"நல்லதுதான். இந்தக் குடத்தை இறக்கி விடுங்க."

இறக்கி விட்டார்.

பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட அம்பாசடர் அது. அதை வாங்கிய நாளிலிருந்து ஆமத்தூரில் சங்கிலிமுத்துவுக்குக் 'காருக்காரர்' என்று பெயர். அவருடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர். மகன் ஸ்டியரிங் பிடித்ததில் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் பெருமை. சங்கிலிமுத்துவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பெருமை.

சோலையம்மாளும் தெருப் பெண்களும் வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய் உருட்டுவார்கள். மருந்து அடைப்பதெல்லாம் கம்பெனியில். வீட்டில் உருட்டுவது வெறுங்குழாய். பசை தடவிச் சுருட்டி, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டினால் லோடு தயார். அதைத் தாயில்பட்டிக் கம்பெனிக்குக் காரில் கொண்டுபோய் இறக்குவது சங்கிலிமுத்துவின் வேலை. அது தவிர வேறு எந்த வேலையையும் அவர் தன் தகுதிக்கு ஏற்றதாக நினைத்ததில்லை.

அப்படி ஒரு நாள் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ரேடியேட்டர் கொதித்துப் புகைந்தது. சுற்றிலும் கருவேலங்காடு. சொட்டுத் தண்ணீர் இல்லை. டிக்கியைத் திறந்தால் ஒரு கேன். கேனுக்குள் இளம்பச்சையாக என்னமோ இருந்தது. பெரிய பெரிய கார்களுக்கு ஒர்க் ஷாப்பில் பச்சையாகக் கூலண்ட் ஊற்றுவதை அவர் பார்த்திருக்கிறார். தனக்குத் தெரியாமல் பெண்டாட்டி காருக்குக் கூலண்ட் வாங்கி வைத்திருக்கிறாளே என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கேன் முழுவதையும் ஊற்றினார்.

அது மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்ததால் பச்சை. தாயில்பட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டில் கொடுக்கச் சொல்லி, நீர்க்கக் கரைத்து, சோலையம்மாள்தான் டிக்கியில் வைத்தாள். கொடுக்க மறந்தவர் சங்கிலிமுத்து.

கொஞ்ச தூரம் அல்வா கிண்டும் வாசம் வந்தது. அப்புறம் தீய்ந்த வாசம் வந்தது. அப்புறம் இன்ஜினுக்குள் மடார் என்று ஒரு சத்தம். காருக்காரரை டிராக்டரில் கட்டி இழுத்து ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வீட்டுப் பக்கத்தில் நல்ல வெட்டவெளி வெயிலில் வண்டியை விட்டுவிட்டு டிராக்டர்காரர் போனார்.

விருதுநகரிலிருந்து மெக்கானிக் பீர் முகைதீன் வந்து பானெட்டைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார்.

"அண்ணாச்சி, உள்ள என்னத்தக் காய்ச்சுனீக?"

"கூலண்டு ஊத்துனேன் பாய்."

"இந்தக் கூலண்டுல போஸ்டர் ஒட்டலாம். ஹெட்டு வளைஞ்சிருச்சு, பிஸ்டன் இறுகிருச்சு. இதையே பிரிச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு போர் போட்டு ஓட வைக்கலாம். இல்ல, இதைத் தூக்கிப் போட்டுட்டு வேன் இன்ஜின் ஒண்ணை இறக்கலாம். ரெண்டுல எதுன்னு சொல்லிவிடுங்க."

அதைத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆவணியில் மல்லாங்கிணற்றில் மச்சினன் முனியராஜ் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த அம்பாசடர்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். முன்னால் மேளம் போக, வண்டி முழுக்கப் பூ ஜோடித்து, மாப்பிள்ளையை ஏற்றி, ஊரே பார்க்க அவர் ஓட்ட வேண்டும். அதற்கென்று ஒரு வெள்ளைப் பேண்ட்டும் தைத்து வைத்தாகிவிட்டது. வண்டி ஓடாவிட்டால் அந்த ஊர்வலத்தில் அவர் வெறும் மாமா.

மனசுக்குள் அவருக்கு வேன் இன்ஜின்மேல்தான் ஆசை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று கணக்குப் போட்டார். பூரி கேட்டால் உப்புமா கிண்டுகிறவள் சோலையம்மாள். அவர் பழைய இன்ஜினைக் கேட்டால் அவள் புது இன்ஜினுக்கு மல்லுக்கட்டுவாள். வேறு வழியில்லாமல் தோற்பதுபோலத் தோற்றுவிடலாம்.

"சோலை, பழசையே பிரிச்சு வேலை பார்த்துரலாம்னு இருக்கேன்."

"சரிங்க."

சங்கிலிமுத்து கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் பசை கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இல்ல, வேன் இன்ஜினே வேணும்னு நீ பிடிவாதம் பிடிச்சா…"

"நான் எதுக்குப் பிடிக்கேன். உங்க காரு, உங்க முடிவு."

"வேன் இன்ஜின் நல்லா இழுக்கும்."

"அப்போ அதையே வைங்க."

"பழசுக்கு ராசின்னு ஒண்ணு இருக்கு."

"அதுவும் வாஸ்தவந்தான்."

சண்டைக்குத் தயாராகப் போனவருக்குச் சமாதானம் கிடைத்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் தானே பேசித் தானே களைத்துப் போனார்.

"எதுக்கு அவசரப்படுறீக?" என்றாள் சோலையம்மாள். "ஆடி பிறந்திருச்சு. ஆடியில யாராவது புது இன்ஜின் இறக்குவாகளா?"

"புதுசு வேண்டாம். பழசைப் பிரிப்போம்."

"ஆடியில பிரிச்சா பிரிச்சது பிரிச்சபடியே கிடக்கும். ஆவணி பிறக்கட்டும். அதுவரைக்கும் நல்லா யோசிங்க. அதுக்காக இப்படி நிண்ணுக்கிட்டே யோசிக்க வேண்டாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயைக் கூப்பிட்டு, இருவருமாகக் காரின் பின்சீட்டைக் கழற்றி, காருக்கு முதுகு காட்டினாற்போல வேப்பமரத்தடி நிழலில் போட்டார்கள். சங்கிலிமுத்து உட்கார்ந்து பார்த்தார். ஸ்பிரிங் வைத்த சீட். வண்டி ஓடியபோது முன்சீட்டிலேயே இருந்துவிட்டதால் இந்தச் சுகம் அவருக்கு இதுவரை தெரியாது. மறுநாள் முன்சீட்டும் வந்தது.

"இது எதுக்கு?"

"உங்களுக்கு யோசனை சொல்ல வாரவுக தரையிலயா உக்காருவாக?"

வந்தார்கள். ஊரில் வேலையில்லாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். காலையில் வந்தவர்கள் பழசு என்றார்கள், சாயங்காலம் வந்தவர்கள் புதுசு என்றார்கள். வேளை தவறாமல் டீ வந்தது. கல்யாணமான காலத்திலிருந்து இந்த வீட்டில் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. பெண்டாட்டி திருந்திவிட்டாள் என்று சங்கிலிமுத்து மனப்பூர்வமாக நம்பினார்.

இதற்கிடையில் ஆடிக்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. தெருவில் காயவைத்த குழாய்கள் உருண்டு ஓட, பெண்கள் அதன் பின்னால் ஓடினார்கள். பிடித்துவந்த குழாயிலும் மண் ஒட்டிக்கொண்டது. சீட்டில் சாய்ந்தபடி சங்கிலிமுத்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார். தன் வீட்டுக் குழாய் ஒன்றுகூட அந்தக் கூட்டத்தில் ஓடவில்லை என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

"அண்ணே, காரு கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிடட்டுமா? ஒரே தூசியா அடிக்கு," என்று வெள்ளைத்தாய் கேட்பாள்.

"ஏத்து தாயி. வண்டிக்குத் தூசி ஆகாது."

"கொஞ்சமா இடைவெளி விட்டுத்தான் ஏத்துறேன். உள்ள புழுங்கும்ல."

காருக்குப் புழுங்குமே என்று கவலைப்படுகிற நல்ல மனசு பக்கத்து வீட்டில் இருப்பதை நினைத்து அவர் நெகிழ்ந்துபோனார்.

ஆவணி முதல் தேதி காலையில் அவர் முடிவெடுத்துவிட்டார். வேன் இன்ஜின்தான். சோலையம்மாளின் செல்போனை வாங்கித் தானே பேசினார். மத்தியானம் பீர் முகைதீன் இன்ஜினைத் தூக்குகிற செயின் பிளாக்கோடு வந்து இறங்கினார். முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று சங்கிலிமுத்து வெள்ளைப் பேண்ட்டோடு நடந்தார். கதவை ஒரு முதலாளியின் தோரணையில் திறந்தார்.

உள்ளேயிருந்து காகிதக் குழாய்கள் சரசரவென்று அவர் முழங்கால்வரை கொட்டின. சீட் இருந்த இடத்தில் மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காகக் கூரைவரை இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் குழாய். டிக்கியைத் திறந்தார், குழாய். பானெட்டைத் திறந்தார். செத்துப்போன இன்ஜின்மேல் சாக்கு விரித்து அங்கேயும் குழாய் காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன இது?"

"பார்த்துங்க, மிதிச்சிராதீக," என்றபடி சோலையம்மாள் ஓடிவந்தாள். "கண்ணாடி வழியா வெயில் வருது, காத்து வரலை. இப்படி ஒரு காய்ச்சல் தரையில காயவச்சாக் கிடைக்குமா?"

அந்த நேரம் பார்த்துத் தாயில்பட்டியிலிருந்து கம்பெனியின் மினி லாரி வந்து நின்றது. சூப்பர்வைசர் பாலகுரு இறங்கி ஒரு குழாயை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தான்.

"அக்கா, சீசன் நேரத்துல எல்லா ஊர் லோடும் மண்ணாத்தான் வருது. உங்களுதுதான் மொறுமொறுன்னு இருக்கு. இனிமே கம்பெனி வண்டியே வந்து எடுத்துக்கிடும். அண்ணன் அலைய வேண்டாம்."

அண்ணன் சோலையம்மாள் பக்கம் திரும்பினார். லோடு போனால் போகட்டும்.

"மாப்பிள்ளை அழைப்பு என்னாச்சு? அதுக்குக் காரு வேணும்ல?"

"தம்பி வேற காரு பேசிட்டானே."

"யாரைக் கேட்டு?"

"என்னையத்தான் கேட்டான். மச்சான் என்ன சொல்லுதாருன்னான். யோசிச்சுக்கிட்டு இருக்காருன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்?"

உண்மைதான்.

"அப்போ இந்த வெள்ளைப் பேண்ட்டு?"

"நல்லாத்தான் இருக்கு, போட்டுக்கிட்டு வாங்க. பந்தியில சாம்பார் வாளியை மட்டும் தூக்கிராதீக."

சங்கிலிமுத்து வேப்பமரத்தடிக்குப் போய்ச் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் சீட் அப்போதும் சுகமாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பீர் முகைதீன் செயினைச் சுருட்டினார். "அப்போ நான் கிளம்புறேன் அக்கா."

"இருங்க பாய், டீ வருது. உங்க ஷெட்டுல இன்ஜின் போன காரு இன்னொண்ணு கிடந்தா சொல்லிவிடுங்க. ஓடுற காரு வேண்டாம். அதை இவுக ஓட்டிக் கெடுக்குற வரைக்கும் காத்துக்கிடக்கணும்."

"எப்படி இருந்தாலும் பரவாயில்லையாக்கா?"

சோலையம்மாள் வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சீட்டு மட்டும் நல்லா இருக்கணும் பாய். அடுத்த ஆடிக்கும் அவுக உக்காந்து யோசிக்கணும்ல."