வராத நாளுக்குப் பேர் போட்ட விபரம்

வத்தேகம,
நவம்பர் 3.

அன்பு மகள் ஜெஸ்மினுக்கு,

அப்பா கிளறன்ஸ் எழுதுவது. மாதாவின் துணையால் முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் மருமகன் அன்ட்ரூவும் அந்தக் குளிரில் நலமாக இருக்க ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ ஸ்பீக்கரில் போடுவாய், மருமகன் கேட்பார், எனக்கு வெட்கம். அதனால் எழுதி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடை சுதர்சினியிடம் கொடுத்துப் படம்பிடித்து அனுப்பச் சொல்லப்போகிறேன். படிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

விசயம் உன் கனடாப் பிரஜாவுரிமைதான். நிரந்தர வதிவிடக் கார்டு முடியப்போகிறது, அதற்கு முன் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஐந்து வருசத்தில் ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள் அந்த நாட்டிலேயே இருந்திருக்க வேண்டும், கார்டு கிடைத்து ஒன்றரை வருசம் பிந்தித்தான் அங்கே குடியேறியதால் நாள் மட்டுமட்டாகத்தான் வரும், வெளியே போன நாளையெல்லாம் கேட்கிறார்கள், பழைய பாஸ்போட் வீடு மாறியதில் தொலைந்துவிட்டது என்று சொல்லி, "அப்பா, நான் வந்த நாள், போன நாள் எல்லாம் நீங்க கலண்டர்ல எழுதி வச்சிருப்பீங்கதானே" என்று நீ கேட்டபோது எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. முப்பத்துநான்கு வருசம் தோட்டத்தில் செக்ரோல் என்ற வரவுப் புத்தகம் எழுதிய கிளாக்கர் நான். நாள் முழுக்க வேலை செய்த ஆளுக்கு ஒரு பேர், பாதியில் போன ஆளுக்கு அரைப்பேர், வராத ஆளுக்குப் பேரே கிடையாது. துரையே வந்து சொன்னாலும் வராத ஆளுக்குப் பேர் போட்டவனில்லை. அந்த மிதப்பில் அலுமாரிக்கு மேல் கிடந்த கோயில் கலண்டர்களை அள்ளிக்கொண்டு ஓடினேன். சுதர்சினி மாதா படத்தை மட்டும் பிடித்து அனுப்பிவிட்டாள். "அப்பா, இதுல திகதி எங்க" என்று நீ கேட்டாய். மறுநாள் மழையில் திரும்பவும் போய், திகதிப் பக்கத்தை அனுப்பிவிட்டு, குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு நனைந்துகொண்டு வீடு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் மருமகனின் போன் வந்தது. நான் கொடுத்த திகதிகளைப் போட்டுப் பார்த்தால் நீ நூற்றறுபது நாள் இங்கே இருந்திருக்கிறாயாம். எண்பத்தொன்பது நாள் குறைகிறதாம். அது நிரம்புவதற்குள் கார்டு முடிந்துவிடுமாம். "மாமா, நூத்தறுவது நாள் இவ உங்ககூட இருந்தான்னா, இங்க எனக்குச் சமைச்சுப் போட்டது யாரு?" என்று கேட்டார். பின்னால் நீ அழுத சத்தம் கேட்டது. லைன் சரியில்லை என்று சொல்லிக் கட் பண்ணினேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மகள், நீ இங்கே இருந்தது நாற்பத்தெட்டு நாள்தான். மிச்சம் நூற்றுப் பன்னிரண்டும் நான் போட்ட கள்ளப்பேர். அம்மா செத்த வருசம் நீ வந்து நின்றது பத்தொன்பது நாள். ஆனால் அதற்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், நீ திரும்பிப் போன பிறகு மூன்று கிழமையும் காலையும் பின்னேரமும் போனில் இருந்தாய். போனைக் கதிரையில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். எதிரில் ஆள் இருக்கிறதே என்று முழுப்பேர் போட்டேன். மடு மாதா திருவிழாவுக்கு வந்த வருசம் பதினேழு நாள். உன் அறைக்குப் பெயின்ட் வாங்கிய அன்றைக்கே, நீ வர இருபத்தெட்டு நாளுக்கு முன்னாலேயே, 'ஜெஸ்மின் வந்தது' என்று எழுதிவிட்டேன். போன வருசம் உயிர்த்த ஞாயிறுக்குப் பன்னிரண்டு நாள். நீ போன பிறகு உன் கட்டில் விரிப்பைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கலாராணி, "அங்கிள், வெயில் அடிக்குது, அந்த பெட்ஷீட்டையும் குடுங்க, சேத்து அலசிர்றேன்" என்று நாலு தரம் கேட்டுவிட்டாள். நாற்பத்திரண்டாம் நாள்தான் கொடுத்தேன். 'ஜெஸ்மின் போனது' என்று அன்றைக்குத்தான் எழுதினேன். இந்த வீட்டில் ஒரே ஒரு ஆள் என்று எழுத எனக்குப் பயமாக இருந்தது மகள்.

சரியான திகதிகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அதையும் பிளேன் டிக்கெட் ஈமெயிலோடு ஒத்துப்பார், இனி என்னை நம்பாதே. உடனே விண்ணப்பத்தைப் போடு. இந்த நத்தாருக்கு வருகிற யோசனையே வேண்டாம். ஒரு நாளையும் வீணாக்காமல் அங்கேயே இரு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஞாயிறு பூசை இருக்கிறது, கலாராணி ரசம் கொண்டுவந்து தருகிறாள், பேச ஆளுக்கும் பஞ்சமில்லை. முந்தாநாள்கூட நம்பர் மாறி எடுத்த ஒருவரோடு இருபது நிமிசம் பேசினேன். கம்பளையில் மரம், பலகை விற்கிற மரக்காலை வைத்திருக்கிறாராம், நல்ல மனிதர். அவர்தான் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

ஆண்டவர் உங்கள் இருவர் தலையிலும் கை வைத்துக் காக்கட்டும். சத்தியப்பிரமாணம் எடுக்கிற நாளில் அம்மாவின் நீலச்சேலையைக் கட்டு. மருமகனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், ஆனால் எதற்கென்று சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
கிளறன்ஸ்

பி.கு.: படிக்கமாட்டேன் என்ற சுதர்சினி நின்ற நிலையிலேயே முழுவதையும் படித்துவிட்டாள். "அப்ப அக்காவுக்கு நாள் மிச்சம் வருதே அங்கிள்" என்கிறாள். எனக்குத் தெரியாதா என்ன. குறைகிறது என்றது எண்பத்தொன்பது, நான் கூட்டிப் போட்டது நூற்றுப் பன்னிரண்டு, கழித்தால் இருபத்துமூன்று நாள் உன் கையில் மிச்சம். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாலும் சரி, வந்துவிட்டுப் போய்ப் போட்டாலும் சரி. கார்டு முடிவது ஜனவரி இருபது. நத்தார் டிசம்பரில் வருகிறது. மேலே வரவேண்டாம் என்று எழுதியதை வெட்டப் பார்த்தேன், வெட்டினால் படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்கிறாள். நீயே அந்த வரியை விட்டுவிட்டு வாசி. இருபத்துமூன்றும் வேண்டாம், பத்து நாள் போதும். வா மகள். பத்து நாள் நின்றால் பத்து நாள்தான் எழுதுவேன்.