டெய்லர் ஓட்டிய மூன்று சக்கரம்

பழனி மலைத்தொடரில் மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் எஞ்சினைத் தொடுவதற்கு முன் அதற்கு இஞ்ச் டேப்பை வைத்து மார்பளவு எடுத்தவர் எங்கள் பூண்டி கிராமத்து டெய்லர் ஒருவர்தான்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஊர் விதைக்கடையில் வேலைக்குச் சேர்ந்த நான், அவருடைய தையல் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தேன்.

கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவுக்குத் திரைச்சீலை தைக்கப் போனவர், கூலிக்குப் பதிலாக அங்கே கோழிகள் அடைந்து கிடந்த ஒரு வண்டியைக் கேட்டு வாங்கி, காலியாகத் திரும்பிய பூண்டு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பூசணிக்காய் போல உப்பிய டயர்கள். சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் கொண்டுவந்ததாம். வந்து இறங்கியபோது டயரில் காற்று இல்லை, எஞ்சினில் அசைவு இல்லை. சீட்டில் மட்டும் ஒரு முட்டை இருந்தது.

அவர் மனைவி மல்லிகா இடுப்பில் கை வைத்தபடி கேட்டார்: "இது ஓடுமா?"

"ஓடுறது அப்புறம்டி. மொதல்ல உக்கார எடம் வேணும்ல?"

ஆகவே முதல் வேலையாக சீட் தைத்தார். அரக்கு நிற வெல்வெட், ஓரத்தில் தங்கக் கலர் பைப்பிங். கல்யாண மேடை நாற்காலி தோற்றது. எஞ்சின் செத்துக் கிடந்த மாதங்களில், மல்லிகா அந்த சீட்டில் மகாராணி மாதிரி அமர்ந்து பூண்டு உரித்தார்.

எஞ்சின் வேலைக்கு குரு செல்போன். புரியாத மொழியில் எவரோ பேசும் வீடியோவை இமைக்காமல் பார்ப்பார். "என்ன சொல்றாரு, புரியுதா டெய்லரே?" என்றேன்.

"நான் அவரு கையத்தான சார் பாக்குறேன், வாயவா பாக்குறேன்?"

துணி வெட்டும் மேஜையில் பிஸ்டன் வந்து படுத்துக்கொண்டது. ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டில் பெட்ரோல் வாசம் அடித்தது. "நாளைக்கு வெள்ளனே கோயிலுக்குப் போகணும், என் ஜாக்கெட்டு எங்க?" என்று சண்டைக்கு வந்த ஒரு பெண்ணிடம், "கை மட்டுந்தான் பாக்கி தாயி. கார்புரேட்டர்ல கொஞ்சம் சோலி கெடக்கு" என்றார். எஞ்சினில் ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டுக்குப் பதிலாக சட்டைக் காலர் கேன்வாஸை வெட்டி வைத்தார். எதிர்ச்சுவர் முழுக்க ஆயில் அபிஷேகம் நடந்தது.

ஒரு விடியற்காலை என் கட்டில் ஆடியது. மலை சரிகிறது என்று போர்வையோடு கீழே ஓடினேன். வண்டி ஸ்டார்ட் ஆகியிருந்தது! அதன் பிறகு என்ன செய்வது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை. நேராகப் போய் கேரட் கழுவும் தொட்டியில் இறங்கினார். ஆளைத் தூக்கப் போனால், "என்னைய விடுங்கடா, வெல்வெட்டத் தூக்குங்க!" என்று கத்தினார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஐப்பசி மழை வந்தது. எங்கள் கடையில் வாங்கி முளைக்காத விதையைப் பார்க்க மேல்காட்டுக்குப் போனவன், வழுக்கி, படிபோல் வெட்டிய ஒரு தட்டு வயலிலிருந்து கீழ்த் தட்டில் விழுந்தேன். கணுக்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. எலும்பு தோலைக் கிழித்திருந்தது. என்னை ஏற்றிப்போக வந்த ஜீப் பாதி வழியில் சேற்றில் புதைந்தது. "கட்டில்ல வச்சுத் தூக்கலாம்னா பாதை பூரா சறுக்குதே" என்று வயலில் இருந்த காட்டுக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். மழை நிற்கவில்லை. எனக்குப் பல் கிட்டித்தது; இங்கேயே முடிந்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

அப்போது மலையை மூடிய மஞ்சுக்குள்ளிருந்து, என் கட்டிலை ஆட்டிய அந்த எஞ்சின் சத்தம் வந்தது.

"வெரசா ஏத்துங்கய்யா சாரை!" ஊருக்குப் போன தகவல் கேட்டு டெய்லர் வண்டியோடு வந்துவிட்டார்.

"டெய்லரே, பிரேக் இருக்கா?"

"இருக்கு சார். பிடிக்கத்தான் கொஞ்சம் யோசிக்கும்."

திரைச்சீலைத் துணியால் என்னை சீட்டோடு கட்டினார். அவர் ஏறவில்லை. "ரெண்டு பேரு பாரத்துக்குக் கவுந்துரும் சார்" என்று பள்ளத்துப் பக்கம் நின்றுகொண்டார். ஒரு கை ஹேண்டில்பாரில், தோள் வண்டியின் மேல். முதல் கியரில் முனகிக்கொண்டே இறங்கினோம். நான் வலியில் கத்தும்போதெல்லாம், "பைப்பிங் வெள்ளிக் கலர் வச்சிருக்கலாமோ சார்? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஒரு வளைவில் வண்டி அவர் பக்கமாகச் சறுக்கியது. அவருக்குப் பின்னால் வெறும் மஞ்சு. குதிகாலைச் சேற்றில் ஊன்றி, "ஏலே, நில்லு!" என்று அதட்டினார். நின்றது. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டதா, அவர் தாங்கிப் பிடித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ரோட்டுக்கு வந்ததும் பார்த்தேன். வெறும் கால், ரத்தம்.

"செருப்பு எங்க டெய்லரே?"

"அது நமக்கு முன்னாடியே எறங்கிருச்சு சார்."

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில், "இன்னும் தாமதித்திருந்தால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம்" என்றார் டாக்டர்.

இப்போது மலைக்குக் கீழே அய்யம்பாளையத்து விதைக்கடையில் வேலை பார்க்கிறேன். நன்றாக நடக்கிறேன். பூண்டியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் ஓய்வு கிடைத்தால் பஸ் ஏறிவிடுகிறேன்.

"என்ன சார், இந்தப் பக்கம்?" என்பார்.

"சும்மாதான், விதை விஷயமா" என்பேன்.

அதை நம்பியவர் போல, ஸ்டூலில் கிடக்கும் துணிகளை அள்ளிவிட்டு எனக்கு இடம் பண்ணிக் கொடுப்பார்.