சத்தம் வராத மாப்பிள்ளை

தம்பானூர்,
திருவனந்தபுரம்.
17-11-2005, வியாழன்.

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான ஞானசிகாமணி அத்தானுக்கு, மைத்துனன் நேசையன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தங்களையும் அக்காவையும் பிள்ளைகளையும் கர்த்தர் ஒரு குறைவும் இல்லாமல் காத்துவர வேண்டுகிறேன். இங்கே அவர் கிருபையால் நான் சுகம், செல்லபாய் சுகம், அவளுடைய முட்டுவலியும் பழைய நிலையிலேயே சுகமாக இருக்கிறது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிரஷர்காரரான தாங்கள் கடைசிப் பக்கம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பீர்கள். ஓலையைக் கொடுத்துவிடலாம். வருகிற ஞாயிறு ஆராதனையில் போதகர் நம் ஜெஸ்லின் பெயரையும் அந்த ஆல்பின் பெயரையும் சேர்த்து முதல் கல்யாண ஓலையை வாசிக்கட்டும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று அவர் சபையைப் பார்த்துக் கேட்கும்போது தாங்கள் தலை குனியாமல் உட்கார்ந்திருக்கலாம். இனி நடந்ததைக் கேளுங்கள்.

தங்கள் கடிதம் போன சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. தங்கள் கூட வேலை பார்த்த தாணுமாலயன் சாருடைய மகன் கழக்கூட்டத்தில் ஆல்பினுடைய கம்பெனியிலேயே இருக்கிறான் என்றும், "அவனா? வாயைத் திறந்தால் விளையாட்டுப் பேச்சுதான், ஞாயிறானால் ரூமில் ஆள் சேர்த்து ஆடுவான்" என்று அவன் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். வாசித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூத்தவள் பிந்துவுக்கு நாம் பார்த்துக் கட்டிவைத்தவனும் சும்மா பொழுதுபோக்குக்கு என்றுதான் சீட்டைத் தொட்டான். இப்போது அவன் கிளப்பிலிருந்து எப்போது வருவான் என்று அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். "இன்னொரு பிள்ளையையும் அப்படி ஒருத்தன் கையில் கொடுக்க மாட்டேன், வியாழனுக்குள் நீ விசாரித்துச் சொல்லாவிட்டால் ஓலை இல்லை" என்று எழுதிய இடத்தில் மை கலைந்திருந்தது. அக்கா அழுதிருப்பாள் என்று செல்லபாய் சொன்னாள். அது யார் கண்ணீர் என்று எனக்குத் தெரியும் அத்தான்.

ஜெஸ்லினை நினைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து, சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் என்று விடியுமுன் கிளம்பிப்போகிற பிள்ளை. தாயக்கட்டையைக் கூடக் கையால் தொட்டறியாத பிள்ளை. அதனால்தான் நான் நேரே களத்தில் இறங்கினேன். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்றைக்குப் பரீட்சை எழுத வந்த கூட்டத்தால் லாட்ஜ் நிறைந்து நான் வர முடியாமல் போனதும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. பையனுக்கு என் முகம் தெரியாது.

ஆளை எடைபோடுவதில் என்னைத் தாங்கள் நம்பலாம். இருபத்தாறு வருடமாக லாட்ஜ் மேனேஜர் நான். நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. சத்தம் போடுகிற அறையைக் கண்டு பயப்பட வேண்டாம். குடித்திருப்பான், பாடுவான், பெண்டாட்டி பெயரைச் சொல்லி அழுவான், தூங்கிவிடுவான். உள்ளே ஐந்தாறு பேர் இருந்தும் வெளியே ஒரு சத்தமும் வராத அறைதான் ஆபத்து. அது சீட்டாட்ட அறை.

ஞாயிறு மத்தியானம் வாடகைக்கு வீடு தேடுகிறவனாக வேஷம் போட்டுக்கொண்டு கழக்கூட்டம் போனேன். பஸ்ஸில் குடையை மறந்து விட்டேன், அது தனிக் கதை. பையன் மாடியில் இருக்கிறான், வீட்டுக்காரி அம்மிணி கீழே இருக்கிறார். மாடியில் ஆள் எப்படி என்று மெல்லக் கேட்டேன். "நல்ல பையன். காலத்து பள்ளிக்குப் போகும், வந்தா ரூம்ல இரிக்கும். கூட்டுக்காரங்க அஞ்சாறு பேர் வரும். ஒரு ஒச்சையும் இல்லா" என்றார். அதாவது, காலையில் ஆலயத்துக்குப் போவானாம், கூட்டாளிகள் வந்தாலும் ஒரு சத்தமும் இல்லையாம். அந்த அம்மாள் அதை நற்சாட்சியாகச் சொன்னார், எனக்கோ அங்கேயே சந்தேகம் உறுதியாயிற்று. அதற்குள் அவர் என்னை உண்மையான குடித்தனக்காரன் என்று நம்பி, பக்கத்து வீட்டைத் திறந்து, கிழக்கு ஜன்னல், கிணறு, துணி காயப்போடும் மொட்டை மாடி எல்லாவற்றையும் காட்டி, ஒன்றாம் தேதி பால் காய்ச்சிவிடலாம் என்று சாவியையும் என் கையில் வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொன்னால் வேஷம் கலைந்துபோகுமே என்று வாங்கிக்கொண்டேன். சாவி இப்போதும் என் பையில்தான் இருக்கிறது.

பிறகு மாடிக்கு ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினால் ரதீஷ் என்று ஒருவன், பையனோடு கூடத் தங்கியிருப்பவன், திறந்தான். உள்ளே தரையில் பாய். பாயைச் சுற்றி ஆறு பேர் தலையைக் குனிந்தபடி வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனும் பேசவில்லை. கர்த்தாவே, பிந்துவுக்கு வந்தது இவளுக்கும் வந்ததே என்று நினைத்து நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். "அங்கிள் மீட்டிங்குக்கு வந்ததல்லே? கேறி வாங்க" என்று அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். கிட்டே போய்ப் பார்த்தால் பாயில் சீட்டு இல்லை. மூடி கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டிகள். அவரவர் வீட்டிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான் அத்தான். லினக்ஸ் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு சிஸ்டம் உண்டு. ஒரு முதலாளிக்குச் சொந்தமானது இல்லையாம். உலகம் பூராவும் ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் கடையில் விற்கிற விளையாட்டெல்லாம் வேறு சிஸ்டத்துக்காகச் செய்தது, இதில் ஓடாது. இதற்கென்றே செய்தவையும் லேசில் ஓடாது. ஓடினால் படம் வராது, படம் வந்தால் சத்தம் வராது. அதை ஓடவைக்க என்ன வழி என்று பேசத்தான் இந்தக் கூட்டம். வாடகை வீடு தேடி வந்த இடத்தில் நுழைந்துவிட்டேன் என்று சமாளித்து, "விளையாட்டு எங்கேப்பா?" என்று கேட்டேன். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் நிமிர்ந்தான். அவன்தான் ஆல்பின். "ரெண்டு மாசமா அதத்தான் நாங்களும் தேடிட்டு இருக்கோம் அங்கிளே. இருங்க, சாயா குடிச்சிட்டுப் போலாம்" என்றான். சாயாவில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தது, நான் குடிக்கிற கணக்கு. நல்ல வளர்ப்பு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு சாயாவுக்கு மயங்குகிறவன் இல்லை நான். லாட்ஜில் முதலாளி வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வைரஸ் பிடித்து நாலு மாதமாகத் துண்டு மூடிக் கிடக்கிறது. அதைச் சொன்னேன். திங்கள் சாயங்காலமே ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்து வந்துவிட்டான். நான் போட்ட வலையில் தானாக வந்து விழுந்தான் என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு மணி நேரத்தில் பழைய சிஸ்டம் போய் லினக்ஸ் வந்தது, எங்கள் ரிஜிஸ்டரும் ஏறியது. அப்போதுதான் முதல் சோதனையை வைத்தேன். "மக்கா, இதில் ஏதாவது ஆடிக் காட்டு, பார்ப்போம்" என்றேன். ஆட்டக்காரன் என்றால் கண்ணில் ஒரு வெறி வரும், அது எனக்குத் தெரியும்.

பென்குயின் ஒன்று பனிமலையில் வயிற்றால் வழுக்கிக்கொண்டே வந்து மீன் பொறுக்குகிற விளையாட்டு. திங்கள் சாயங்காலம் பூராவும் பென்குயின் வரவில்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான் வந்தது. செவ்வாய் அன்று பென்குயின் வந்தது, மலை வரவில்லை. புதன் அன்று இரண்டும் வந்தன. பென்குயின் கீழே வரை வழுக்கி நாலு மீனும் தின்றது. நான் கை தட்டிவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. பையனோ விளையாட்டை அப்படியே மூடிவிட்டு, "ஓடுது அங்கிளே. இனி சவுண்ட் பாக்கணும்" என்றான். இன்னொரு ஆட்டம் ஆடேன் என்றேன். "அதான் ஓடிட்டே" என்றான். மூன்று நாளில் அவன் விளையாடிய நேரம் மொத்தம் பத்து நிமிஷம் இருக்காது. அம்மிணி வீட்டு மாடியில் சத்தம் வராத ரகசியமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வரவைக்கத்தான் அவர்கள் அங்கே உயிரை விடுகிறார்கள், அது வர மாட்டேன் என்கிறது.

இரண்டாம் சோதனை, நம் ரோட்டோரம் கிடைக்கிற கள்ள சி.டி. "இதைப் போட்டால் எல்லா விளையாட்டும் சத்தத்தோடு ஓடுமாமே, இந்தா" என்று நீட்டினேன். தொடவில்லை. "அது ஒருத்தன் உழச்சத களவெடுக்கது அங்கிளே. நமக்குள்ளது லேட்டா ஓடினாலும் நம்ம கையால ஓடணும்" என்றான். பிந்து மாப்பிள்ளையைப் பார்க்கப் போனபோது இந்த மாதிரி ஒரு சோதனை வைக்க நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது.

சத்தம் வராததற்கு அவன் இண்டர்நெட்டில் ஒரு குழுவுக்கு எழுதிக் கேட்பான். லாட்ஜ் டெலிபோன் ஒயரைக் கழற்றித்தான் அதில் மாட்ட வேண்டும். செவ்வாய் சாயங்காலம் இரண்டு மணி நேரம் முதலாளி வீட்டிலிருந்து போன் போட்டு, லைன் கிடைக்காமல், லாட்ஜில் தீப்பிடித்துவிட்டது என்று பயந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்தார். வந்தவர் நான் பென்குயினை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து என்னை என்ன சொன்னார் என்று ஆலயத்துக்குப் போகிறவன் எழுதக் கூடாது. நடுவில் பையன் எழுந்து, "தப்பு எங்கிட்டயாக்கும் சார்" என்றான். அதோடு அவர் அடங்கினார்.

அந்தக் குழுவில் பிரேசில்காரன் ஒருவன் சொன்ன வழி பலிக்கவில்லை, அவனுக்கும் பையன் நன்றி எழுதினான். ஜே என்று மட்டும் கையெழுத்திடுகிற ஒருவர் உண்டு. அவர் எழுதுவதைப் பையன் எனக்குத் தமிழில் சொல்லுவான். "கேட்பதற்கு முன் படி. ஒழுங்காகப் படித்தால் கேட்க மாட்டாய். பாதியை அனுப்பாதே, வந்த செய்தி முழுவதையும் அனுப்பு" என்று நாலு பேர் பார்க்க விரட்டுகிறார். இவன் கோபப்பட வேண்டுமே? சிரித்துக்கொண்டே "சரி" என்று எழுதி, முழுவதையும் அனுப்புகிறான். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் யாரோ என்று நினைக்கிறேன். அந்த ஜே மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன் அத்தான், இவன் சீட்டுக்காரன் இனம் இல்லை. சீட்டுக்காரன் தோற்றால் குரல் உயரும், ஜெயித்தால் இன்னொரு ஆட்டம் கேட்பான். இவன் மூன்று நாள் தோற்றான், குரல் உயரவில்லை. ஜெயித்ததும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தான். கோளாறோடு இத்தனை பொறுமையாக இருக்கிறவன் கட்டின பெண்ணோடும் இருப்பான். நேற்று அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்து படுத்தவன், உங்க கடிதம் வந்த நாளிலிருந்து வராத தூக்கத்தை நேற்றுத்தான் தூங்கினேன். செல்லபாய் இரண்டு தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம். நீங்களும் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குங்க அத்தான். அந்தக் கிழக்கு ஜன்னல் வீட்டையும் வீணாக்க வேண்டாம், கல்யாணம் முடிந்து பிள்ளைகள் அங்கேயே பால் காய்ச்சட்டும்.

போனில் சொல்லியிருப்பேன், உங்க வீட்டில் போனை எடுப்பது ஜெஸ்லின்தானே. அவளை நாம் விசாரணை அது இது என்று கலங்கவைக்கக் கூடாது. அதனால் ஊருக்கு வருகிற எங்கள் ரூம்பாய் வீரபாண்டி கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்க கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கும் பிந்துவுக்கும் எங்கள் அன்பு. ஜெஸ்லினுக்கு மாமாவும் மாமியும் முத்தம் சொன்னதாகச் சொல்லவும். சமாதானத்தின் தேவன் உங்க வீட்டு நடையில் காவலிருப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
வே. நேசையன்.

பி.கு. கவரை ஒட்டும்போது ஆல்பின் வந்து நின்றான். சத்தம் வந்துவிட்டது அத்தான். ஜே காலையில் அனுப்பிய ஒற்றை வரியைப் போட்டதும் பென்குயின் மீன் விழுங்குகிற சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்கிறது. நாலு நாளாக அங்கிள் என்றவன், போகும்போது, "அப்ப ஞாயிற்றுக்கிழமை ஓலை உண்டுல்லா மாமா?" என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், "நீங்க வருவீங்கன்னு ஜெஸ்லின் போன வாரமே எழுதிட்டா. சாயாவுக்கு மூணு ஸ்பூன்னும் அவதான் எழுதினா" என்கிறான். நீங்க எனக்கு எழுதிய ரகசியக் கடிதத்தைத் தபாலில் போட யார் கையில் கொடுத்தீங்கன்னு இப்போது யோசித்துப் பாருங்க. அந்த ஜே நம் பிள்ளைதான் அத்தான். ஒரு வருடமாக அதே குழுவில் இவனை விரட்டிக்கொண்டிருக்கிறாள். புரோக்கரை உங்க வீட்டுக்கு அனுப்பினதே இவர்கள் ரெண்டு பேரும்தான். அதுவும் போகட்டும். அந்தப் பென்குயின் விளையாட்டில் குழுவிலேயே யார் கெட்டிக்காரர் என்று ஒரு பட்டியல் காட்டினான். முதல் பதினேழு இடத்திலும் ஒரே பெயர், எல்லாம் சனிக்கிழமைத் தேதி. ஆல்பின் பெயர் அதில் இல்லவே இல்லை. ஆகவே அத்தான், ஓலை மூன்றும் வாசித்து முடிகிற வரைக்கும், அவங்க பக்கத்திலிருந்து யாரும் நம்ம பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்க.