ஐயாயிரம் கலோரிக்கு உட்பட்டோர்

ஒரு காட்டில் ஒரு புலி டயட்டில் இருந்தது. புலி டயட்டில் இருந்தால் ஊருக்கென்ன என்று கேட்கத் தோன்றும். நீங்களும் நானும் எழுபது கிலோ, எண்பது கிலோ, தாராளமாகக் கேட்கலாம். அந்தக் காட்டில் வீரபாகு என்று ஒரு சருகுமான் இருந்தான். அவனால் அப்படிக் கேட்க முடியவில்லை.

சருகுமானை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. மான் என்றுதான் பெயர். கொம்பு கிடையாது, உயரம் ஒரு முழம்கூட வராது, ஆபத்து வந்தால் ஓடாமல் காய்ந்த சருகுக்குள் அப்படியே உறைந்து நின்றுவிடும். இதற்குப் போய் வீரபாகு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. அந்தக் காட்டுப் புலியைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், பெரியவர் என்பார்கள். பெரியவர் இத்தனை வருஷத்தில் வீரபாகுவைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பல்லிடுக்குக்குக் காணாது என்று விட்டுவிட்டார். அந்த அலட்சியத்தின் புண்ணியத்தில்தான் வீரபாகுவுக்குக் கல்யாணம் ஆகி, குடித்தனம் நடந்து, இப்போது அவன் மனைவி செண்பகம் நிறைமாதமாக இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, செண்பகத்தின் கால் வீக்கத்துக்கு மருந்து கேட்க வீரபாகு டாக்டரிடம் போனான். டாக்டர் இன்பவல்லி ஒரு தேவாங்கு. ஒல்லியாக இருப்பவர்களைத் தேவாங்கு என்று நாம் கேலி செய்கிறோம் அல்லவா, அந்தக் காட்டில் அதுவே டாக்டருக்கு விளம்பரப் பலகை. உச்சி முதல் உள்ளங்கால் வரை சேர்த்து நிறுத்தாலும் கால் கிலோ தேறாது. "எப்படி டாக்டர் இப்படி மெயின்டெயின் பண்றீங்க?" என்று கேட்காத பேஷன்ட் கிடையாது. நாவல் மரத்தின் மேல்கிளையில் உட்கார்ந்துதான் பார்ப்பார். கீழே இறங்கி வருவதென்றால் அரை மணி ஆகும், அவ்வளவு நிதானம்.

வீரபாகுவுக்குப் பதினாலாம் நம்பர் டோக்கன். ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே க்யூ மொத்தமும் காணாமல் போய்விட்டது. என்னடா இது, அதிர்ஷ்டம் அடித்துவிட்டதே என்று வீரபாகு திரும்பிப் பார்த்தான். பெரியவர் வந்துகொண்டிருந்தார். அவன் அப்படியே சருகுக்குள் உறைந்தான்.

"டாக்டர்," என்றார் பெரியவர். "நேத்து ரோட்டோரமா படுத்திருந்தேன். ஜீப்புல வந்த ஒரு அம்மா என்னைப் பாத்து, 'ஐயோ பாவம், பிள்ளைத்தாச்சி போலிருக்கு, மெதுவா ஓட்டுங்க'ன்னு சொல்லிடுச்சு."

"இதுவரைக்கும் என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

"கரடி சொன்னான்னு வெந்நீர்ல தேனும் எலுமிச்சையும் குடிச்சேன். கொள்ளுக் கஞ்சி குடிச்சேன். மயில் சொல்லிச்சுன்னு ஆடிக்கூடப் பாத்துட்டேன்."

"பேலியோ?"

"அதைத்தானேம்மா பொறந்ததுலேர்ந்து பண்றேன்!"

டாக்டர் கண்ணை அகல விரித்தார். ஏற்கெனவே அகலமான கண்தான். "அதெல்லாம் வேண்டாங்கய்யா. சிம்பிளா வெச்சுக்குங்க. நாளைக்கு இத்தனை கலோரின்னு ஒரே ஒரு நம்பர். அதுக்குள்ள எது வேணாலும் சாப்பிடுங்க."

"ஆயிரம்னு வெச்சுக்கட்டுமா? சட்டுனு எளைச்சுடுவேன்."

"கூடவே கூடாது. ரொம்ப இறுக்கிப் பிடிச்சா நாலே நாள்ல வெறுத்துப்போய் விட்டுடுவீங்க. பட்டினியும் கிடக்கக் கூடாது. உங்களுக்கு ஐயாயிரம்தான் நியாயம். சாப்பிடற ஆளைக் கிலோவுக்கு ஆயிரம்னு தோராயமாப் போட்டுக்குங்க."

இதில் என்ன தப்பு சொல்ல முடியும்? நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் பெரியவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. "பாதி மானைத் தின்னுட்டு பாதியை வெக்கறதா? எங்க வீட்டுல என்னை அப்படி வளக்கலை டாக்டர். எடுத்தா முழுசா முடிச்சுட்டுத்தான் எழுந்திரிப்பேன்."

"அப்ப முழுசாவே ஐயாயிரத்துக்குள்ள இருக்கற ஆளாப் பாத்து எடுங்க," என்றார் டாக்டர். பெரியவர் முகம் மலர்ந்தது.

சருகுக்குள் இருந்த வீரபாகு தன் எடையைப் பெருக்கிப் பார்த்தான். நாலு கிலோ எழுநூறு கிராம். அவன் படித்த படிப்புக்குக் கணக்கு வராதுதான். உயிர் போகிற நேரத்தில் அட்சர சுத்தமாக வந்தது, நாலாயிரத்து எழுநூறு.

டோக்கனையும் மருந்தையும் மறந்து வீட்டுக்கு விழுந்தடித்து வந்தான். அதற்குள் சேதி பரவியிருந்தது. முயல்கள் குஞ்சு குளுவானோடு ஆற்றைத் தாண்டி அடுத்த மலைக்குக் கிளம்பிவிட்டன. மயில்கள் மரத்தை விட்டு இறங்குவதாக இல்லை. காட்டில் தரையில் நடமாடிக்கொண்டு ஐயாயிரத்துக்கு உள்ளே மிஞ்சியது வீரபாகு ஒருத்தன்தான்.

"நாமளும் போயிடலாமா?" என்றான்.

"இந்த வயித்தோட நான் எப்படிங்க ஆத்தைத் தாண்டறது?" என்றாள் செண்பகம்.

"உனக்குப் பயமில்லை செண்பகம். வயித்துப் பிள்ளையோட சேத்தா நீ ஐயாயிரத்தைத் தாண்டிடுவே."

"நான் தாண்டி என்ன பிரயோஜனம்? பொறக்கற பிள்ளைக்கு அப்பன் வேணாமா?" அவள் கண் கலங்கியது. ஒரு நிமிஷம்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னும் எவ்வளவு ஏத்தணும்?"

"முந்நூறுக்கு மேல."

"அவ்வளவுதானே? படுங்க அந்தக் கட்டைக்கு அடியில. வாயைத் திறங்க."

அன்றைக்குத் தொடங்கியது. அத்திப்பழம், பலாச்சுளை, இலுப்பைப்பூ, காட்டு வாழை என்று நிறைமாதக்காரி நடந்து நடந்து கொண்டுவந்து போட்டாள். புருஷனோ, விழுந்து கிடந்த மரக்கட்டைக்கு அடியில் ஒளிந்து, படுத்தபடியே தின்றான். அவன் எதற்குத் தின்கிறான் என்று தெரியாத அக்கம்பக்கம் காறித் துப்பாத குறைதான். "ஆம்பளையா இவன்?" என்று ஒரு மைனா அவன் காதுபடவே கேட்டது.

"போதும் செண்பகம். நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு," என்பான்.

"புலிப் பல்லு நெஞ்சுல படறதுக்கு இது எவ்வளவோ மேல். இன்னும் ரெண்டு சுளை."

இங்கே இப்படி என்றால், வெளியே பெரியவர் பாடு பெரும்பாடாக இருந்தது. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் ஐயாயிரத்துக்கு மேல். புள்ளிமான்கள் அவர் முன்னாலேயே உட்கார்ந்து அசைபோட்டன. எல்லாரையும்விட, குரைக்கிற மான் இனமான கேளையாடு தர்மலிங்கத்துக்குத்தான் தலைகால் புரியவில்லை. இருபத்தொன்பதாயிரத்து அறுநூறு என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பெரியவர் மூக்குக்கு முன்னாலேயே காலையும் மாலையும் வாக்கிங் போனார். "நம்மளை எல்லாம் அவரால தொட முடியாது தம்பி. டாக்டர் ஆர்டர்," என்று கட்டைக்கு அடியில் குனிந்து வீரபாகுவிடம் சொல்லிவிட்டுப் போவார். வீரபாகுவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அட்டை கொடுக்கிற ஆபீஸை நடத்தியது முள்ளம்பன்றி மாசிலாமணி. அடிவாரத்து ஏலக்காய் குடோனில் தூக்கிப்போட்ட பழைய தராசு ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வைத்திருந்தார். க்யூவில் அவரை யாரும் நெருக்க மாட்டார்கள், அதனால் அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை. சருகுமான்களுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் எடை. படிவத்தில் பெயர், தகப்பனார் பெயர், கொம்பு உண்டா இல்லையா, உண்டெனில் எத்தனை என்றெல்லாம் இருந்தது. இரண்டு சாட்சிகள் வேண்டும். அட்டை கைக்கு வரும்வரை சாட்சிகள் உயிரோடு இருக்க வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

வீரபாகு விடியற்காலையிலேயே போய் நின்றான். வெயில் ஏறியது. மாசிலாமணி சாப்பாட்டு நேரம் என்று பலகையைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். நின்று நின்றே தின்றதெல்லாம் கரைந்து போய்விடுமோ என்று வீரபாகுவுக்கு வேர்த்தது. வேர்க்கிறதே, அதிலும் குறையுமே என்று இன்னும் வேர்த்தது.

ஒரு வழியாகத் தட்டில் ஏறினான். முள் ஆடி ஆடி நின்றது. "அஞ்சு கிலோ நானூறு," என்றார் மாசிலாமணி. "ஐயாயிரத்து நானூறு கலோரி. அடுத்தது யாருப்பா?"

வீரபாகு அழுதுவிட்டான். ஊருக்கு முன்னால் விக்கி விக்கி அழுதான், வெட்கப்படவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் செண்பகம் அந்த அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள். எதற்கும் இன்னொரு சுளை சாப்பிடுங்கள் என்றாள். "ஐயோ, போதும் தாயே," என்று கும்பிட்டுவிட்டுப் படுத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செண்பகத்துக்கு வாய் புளிப்புக் கேட்டது. ஆறு நாள் தனக்காக நடந்தவளுக்கு ஒரு நெல்லிக்காய்கூடக் கொண்டுவராவிட்டால் நான் என்ன புருஷன் என்று வீரபாகு கழுத்தில் அட்டையோடு நிமிர்ந்து கிளம்பினான். டாக்டரின் நாவல் மரத்துக்குப் பக்கத்தில்தான் நெல்லி மரம். உதிர்ந்து கிடந்தது ஒன்றே ஒன்று. அதை வாயில் கவ்விக்கொண்டு நிமிர்ந்தால், ஊரே அங்கே கூடியிருந்தது.

பெரியவர் நாவல் மரத்தடியில் நின்றார். உண்மையிலேயே இளைத்திருந்தார், இடுப்பு என்று ஒன்று தெரிந்தது. ஒரு வார வெற்றியை முன்னிட்டு அவரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள டாக்டர் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். ஜீப்பிலிருந்து விழுந்த செல்போன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாசிலாமணி தயாராக நின்றார். தர்மலிங்கம் முன்வரிசையில் வேடிக்கை பார்த்தார்.

"டாக்டர், படம் இருக்கட்டும்," என்றார் பெரியவர். "ஆறு நாளா பச்சைத் தண்ணி. கண்ணு இருட்டுது. ஐயாயிரத்துக்குள்ள ஒருத்தன் கெடைக்கலை."

டாக்டர் பாதி மரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "பட்டினி கிடக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தினம் தினம் அப்படியே பிடிக்கணும்னு இல்லைங்கய்யா. ஒரு நாள் முன்னப்பின்ன ஆகலாம். வாரத்துக்குச் சராசரி பாத்தாப் போதும்."

"அப்படின்னா?"

"ஏழு நாளைக்கு முப்பத்தஞ்சாயிரம். நீங்க எதுவுமே சாப்பிடலை. முழுசா பாக்கி இருக்கு."

தர்மலிங்கம் அசைபோடுவதை நிறுத்தினார். "ஆனா டாக்டர் ஆர்டர்..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. பெரியவர்தான் முடித்தார், எலும்பு உட்பட.

"இருபத்தொன்பதாயிரத்து அறுநூறு போக, மிச்சம் ஐயாயிரத்து நானூறு," என்று மாசிலாமணி வாசித்தார். பிறகு கடமை உணர்ச்சி மேலிட, "ஐயா, அதோ நிக்கறான் பாருங்க, சரியா ஐயாயிரத்து நானூறு. நேத்துதான் நானே நிறுத்தேன்," என்றார்.

ஊர் முழுக்க வீரபாகுவைத் திரும்பிப் பார்த்தது. நாசமாய்ப் போகிற முள்ளம்பன்றி! வீரபாகுவின் நாலு காலும் வேர்விட்டதுபோல் நின்றுவிட்டன. நேற்று இன்னொரு சுளை சாப்பிடுங்கள் என்று சொன்னாளே, கேட்டேனா என்று மனசு அடித்துக்கொண்டது. பெரியவரின் மூச்சு முகத்தில் பட்டது. உடம்பில் அசைந்தது வாய் ஒன்றுதான். மன்னிச்சுடு செண்பகம் என்று நினைத்துக்கொண்டு, கவ்வியிருந்த நெல்லிக்காயைக் கடித்து, கொட்டையோடு விழுங்கினான்.

"ஐயா," என்றான். "நான் இப்ப ஒரு நெல்லிக்காய் தின்னுட்டேன்."

"அதுக்கென்ன?" என்று கேட்ட பெரியவர், சந்தேகத்தோடு டாக்டரைப் பார்த்தார்.

"நெல்லிக்காய் அஞ்சு கலோரி," என்றார் டாக்டர். தரைக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. "இப்ப அவர் ஐயாயிரத்து நானூத்தஞ்சு."

"அஞ்சுதானே டாக்டர்..."

"இப்படித்தான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க! அஞ்சுதானேம்பாங்க, அப்புறம் பத்துதானேம்பாங்க. கடைசியில பழைய தொப்பை திரும்பி வந்து நிக்கும். நம்பர்னா நம்பர்தான்."

பெரியவர் நல்ல பேஷன்ட். தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டார். வீரபாகுவுக்கு டாக்டரின் காலில் விழுந்து கும்பிட வேண்டும்போல் இருந்தது. அதே நேரம் அந்தக் கால் தரையைத் தொட்டது. "வாங்கய்யா, படம் எடுத்துக்கலாம்," என்று டாக்டர் பெரியவரின் பக்கத்தில் வந்து நின்று சிரித்தார்.

பெரியவர் குனிந்து பார்த்தார். "டாக்டர், நீங்க எத்தனை கிலோ?"

"நானா? கால் கிலோகூட இல்லீங்க," என்றார் டாக்டர், கொஞ்சம் கூச்சமும் நிறையப் பெருமையுமாக.

மாசிலாமணி படம் எடுத்தார். அதில் பெரியவர் மட்டும்தான் தெரிகிறார். டாக்டரும் அதில்தான் இருக்கிறார், ஆனால் உள்ளே இருக்கிறார். பார்த்தவர்கள் எல்லாரும் பெரியவர் நன்றாக மெலிந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

வீரபாகு வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தான்.

"எங்கேங்க நெல்லிக்காய்?" என்றாள் செண்பகம்.

"தின்னுட்டேன்."

"அடப்பாவி மனுஷா! ஆறு நாளா தின்னது போதலையா உங்களுக்கு?"

"போதலை," என்றான் வீரபாகு. "நேத்து ஒரு சுளை வேண்டாம்னு சொன்னேனே, அது இருக்கா?"

நீதி: ஒல்லியானவர் எல்லாருடைய கணக்கிலும் அடங்கிவிடுவார். ஆகையால், வெட்கப்படாமல் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்க.