காத்து பாயின் தாடி

கொல்லிமலையில் காற்றைக் கண்ணால் பார்த்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் காத்து பாய். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவருக்கு வரும் கல்யாணப் பத்திரிகையில்கூட 'காத்து பாய் குடும்பத்தார்' என்றே எழுதியிருக்கும்.

அடிவாரத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்தவர். தொண்ணூறுகளின் கடைசியில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மூலிகை ஆராய்ச்சி நிலையத்துக்கு எலிக்கூடம் கட்ட வந்தார். நான் அங்கே கிளார்க். மூலிகைச் சாற்றைக் குடித்துப் பார்க்கும் வெள்ளை எலிகளோ மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. சூடும் ஆகாது, குளிரும் ஆகாது, நாற்றம் சுத்தமாக ஆகாது. ஏசி போடலாம் என்றால், மலையில் கரண்ட் எப்போது வரும் என்பது அந்தக் கரண்டுக்கே தெரியாது.

"ஏசி எதுக்குங்க? மண்ணே பாத்துக்குமுங்க," என்றார் பாய். மண்ணுக்கடியில் நீளமாகக் குழாய் புதைத்து, அதன் வழியாக வெளிக்காற்றை உள்ளே விடுவது. வெயிலோ பனியோ, வருகிற வழியில் மண் அதைப் பதமாக்கிவிடும். எலிகளின் மூச்சில் சூடான காற்று புகைபோக்கி வழியாகத் தானாகவே மேலே போய்விடும். தலைமை விஞ்ஞானி டாக்டரம்மா இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. பாய் கையில் எந்நேரமும் சாம்பிராணிச் சட்டி. புகை போகும் வழிதான் காற்று போகும் வழியாம். புகை ஒரு மூலையில் தேங்கினால் போச்சு, சுவரை இடித்துவிட்டு மறுபடி கட்டுவார். ஒரே சுவரை மூன்று தடவை இடித்தார். என் ஆபீஸ் அறைக்குள்ளும் புகையோடு வந்து, "ஒங்க மேசைக்குக் காத்தே வரலீங்க சார், அதான் மத்தியானமானா தூங்கறீங்க," என்று என் தலைக்கு மேலே சுவரில் ஒரு ஓட்டை போட்டார். கூடம் முடிந்ததும் வெறும் பனியனோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தார். தனக்குப் போர்வை வேண்டியிருந்தால் எலிக்கும் வேண்டியிருக்குமாம். டீயை மட்டும் காற்றுத் துவாரம் வழியாக வாங்கிக்கொண்டார்.

எலிகள் குடிவந்தன. இனி அனுமதி கொடுக்க மூன்று அதிகாரிகள் சென்னையிலிருந்து வரவேண்டும். அவர்கள் மாட்டேன் என்றால் நிலையத்தை மூடிவிட்டு எங்களையெல்லாம் கீழே அனுப்பிவிடுவார்கள். நாமக்கல்லில் என் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். இரண்டு வருஷமாக மாற்றல் கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர்கள் வரவிருந்த நாள் காலை அந்தக் குழாயின் வெளிவாயில் ஒரு கோணிச்சாக்கைத் திணித்தது நான்தான்.

அதிகாரிகள் வந்தார்கள். கரண்ட் டாண் என்று போனது. காற்று ஓடுகிறது என்று எப்படி நம்புவது என்று மூத்த அதிகாரி கேட்டார். எலிகள் இருக்கும் இடத்தில் புகை கூடாது என்று டாக்டரம்மாவின் கண்டிப்பான உத்தரவு. பாய் அசரவில்லை. குழாய் உள்ளே திறக்கும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முகத்தைக் கொண்டுபோய் வைத்தார். "என் தாடியப் பாருங்க சாமி."

மூன்று அதிகாரிகளும் குனிந்து தாடியைப் பார்த்தார்கள். ஒரு முடிகூட ஆடவில்லை. பாய் தாடியை நீவிவிட்டுக்கொண்டு மறுபடி வைத்தார். ம்ஹூம். அந்த மனிதர் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். என்னால் தாங்க முடியவில்லை. வயிறு சரியில்லை என்று முனகிவிட்டு வெளியே ஓடினேன். சாக்கை உருவி வீசிவிட்டுத் திரும்பி வந்தபோது, நுனித்தாடி லேசாக அசைந்தது. பிறகு மொத்தத் தாடியும் கிளம்பிப் பாயின் கன்னத்தில் ஏறியது. மூத்த அதிகாரி அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு அனுமதியை எழுதினார். விருந்தினர் அறையைவிட அங்கே குளிர் குறைவு என்றார்.

சாயங்காலம் லாரி ஏறும் முன்னால் பாய் என் அறைக்கு வந்தார். மடித்த கோணிச்சாக்கை மேசைமேல் வைத்தார். நான் நிமிரவில்லை.

"நாமக்கல் வழியாத்தான் போறனுங்க," என்றார். "ஊட்டுக்கு ஏதாச்சும் குடுத்தனுப்பறீங்களா சார்? கொழந்தையயும் பாத்துட்டு வந்து சொல்றேன்."

யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. அடுத்த மாதமே மனைவியையும் மகளையும் மலைக்கு அழைத்து வந்துவிட்டேன். முதல் வேலையாகப் பாய் சாம்பிராணிச் சட்டியோடு வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சட்டியை வெளியே வைத்துவிட்டு வந்து, மகளின் தூளியை அவிழ்த்து ஜன்னல் பக்கமாகக் கட்டினார். அவள் காற்றில் ஆடிக்கொண்டே தூங்கிப்போனாள். நான் வாசலில் நின்று அழுதேன். மனைவி கேட்டதற்கு, சாம்பிராணிப் புகை என்று சொன்னேன்.